எல்லாம் இயல்பு என்று எழுதிய பிறகு

மருத்துவமனை கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் ஒரு வரி தவறாமல் கண்ணில் படும்: ‘கபால நரம்புகள் இயல்பு.’ மூளையின் அடிப்புறத்திலிருந்து நேரே கிளம்பும் 12 இணை நரம்புகளைப் பற்றிய தீர்ப்பு அது. முகர்வதில் தொடங்கி நாக்கை நீட்டுவது வரை ஒவ்வொன்றையும் முறைப்படி சோதித்தால் பழகிய கைக்கே பத்து நிமிடம் பிடிக்கும். புறநோயாளி வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கும் காலை வேளையில் அந்தப் பத்து நிமிடம் யாரிடம் இருக்கிறது? கண்ணில் டார்ச் அடித்து, விரலைக் கண்ணால் பின்தொடரச் சொல்லி, பல்லைக் காட்டச் சொல்லி, நாக்கை நீட்டச் சொன்னால் அந்த வரியை எழுதிவிடலாம். முதல் நரம்பான முகர் நரம்பை அநேகமாக யாரும் சோதிப்பதில்லை. காப்பித்தூள் டப்பா வைத்திருக்கும் வார்டு அபூர்வம்.

வழக்கம் இப்படித் தேய்ந்துவிட்டதால் சோதனையே அற்பம் என்று ஆகிவிடாது. ஒரு டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு குண்டூசி, ஓர் இசைக்கவை, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மண்டையோட்டுக்குள் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடும் கலை இது. முகம் ஒரு பக்கம் கோணி வந்தவரை நெற்றியைச் சுருக்கச் சொல்கிறோம். நெற்றி சுருங்கினால் கோளாறு மூளைக்குள்ளே. சுருங்காவிட்டால் ஏழாம் நரம்பிலேயே. இமை தொங்கிக் கண் அசையாமல் வருபவரின் பாவையைப் பார்க்கிறோம். அது விரிந்து, வெளிச்சத்துக்கு மசியாமல் நின்றால் இரத்தக்குழாய் வீக்கம் ஒன்று மூன்றாம் நரம்பை அழுத்துகிறதோ என்று பதறி ஸ்கேனுக்கு ஓட வேண்டும். சர்க்கரை நோயால் அதே நரம்பு பழுதாகும்போது பெரும்பாலும் பாவை தப்பித்துவிடும். ஐந்து, ஏழு, எட்டு மூன்றும் ஒரே பக்கத்தில் சேர்ந்து கெட்டால், சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே உள்ள மூலையில் கட்டி இருக்கலாம். ஸ்கேன் எடுக்க வேண்டுமா, எந்த இடத்தைக் குறிவைத்து எடுக்க வேண்டும் என்பதை இன்றும் இந்தச் சோதனைதான் தீர்மானிக்கிறது.

இந்தப் பெருமைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தர்க்கம் ஓடுகிறது. எது இல்லாமல் போயிற்று? பார்வையா, அசைவா, உணர்வா, கேட்பா? இழப்பைத் தேடிப் பிடிக்கும் சோதனை இது. அதனால்தான் ஒரு நோயின் முன்னால் இது திகைத்து நிற்கிறது. அந்த நோய் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, ஐந்தாம் கபால நரம்பான முக்கிளை நரம்பின் வலி. அங்கே எதுவும் இல்லாமல் போகவில்லை. இருக்க வேண்டியதற்கு மேல் ஏதோ பாய்கிறது.

வலியை நோயாளிகள் சொல்லும் விதமே தனி. “கரண்ட் அடிச்ச மாதிரி சுளீர்னு இழுக்குது.” கண்ணிமைக்கும் நேரத்திலிருந்து அதிகபட்சம் இரண்டு நிமிடம் வரை நீடிக்கும், திடீரென்று வரும், திடீரென்று நிற்கும். முகத்தின் ஒரு பக்கத்தில்தான், பெரும்பாலும் கன்னத்திலோ கீழ்த்தாடையிலோ. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதைத் தூண்டுவது அடியோ காயமோ இல்லை. பல் துலக்குவது, முகம் கழுவுவது, ஒரு வாய் சோறு மெல்வது, மேலே சுற்றும் மின்விசிறியின் காற்று. சர்வதேச தலைவலிச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வகைப்பாடு, துன்பம் தராத தூண்டுதலால் வலி கிளம்புவதை நோயைத் தீர்மானிக்கும் நிபந்தனைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

எங்கே வலிக்கிறது என்று கேட்கும்போது கையைக் கவனிக்க வேண்டும். பல்வலிக்காரர் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொள்வார். அழுத்தம் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். இந்த நோயாளியின் சுட்டுவிரல் கன்னத்தை நோக்கி வரும், தோலுக்கு ஓர் அங்குலம் இப்பால் நின்றுவிடும். மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரை காற்றிலேயே கோடு போட்டுக் காட்டுவார். ஆண் என்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் நாலு நாள் தாடி இருக்கும். பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி, முகம் ஒரு கணம் சுருங்கி, அப்படியே உறைந்திருந்துவிட்டு மறுபடி தொடர்வார். நிக்கோலா ஆந்த்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1756இல் இந்த நோய்க்குப் பெயரிட்டபோது அந்தச் சுருக்கத்தைத்தான் பெயரில் வைத்தார். நோய் ஏறக்குறைய முடிவாகிவிடும் இடம் இதுதான். பஞ்சும் ஊசியும் இன்னும் வெளியே வரவே இல்லை.

வந்த பிறகு என்ன ஆகிறது? வலி இல்லாத இடைவெளியில் சோதித்தால் முகத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி உணர்கிறது. தாடைத் தசை இறுகுகிறது, கருவிழியைத் தொட்டால் கண் சிமிட்டுகிறது. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது: நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழையும் இடத்தில் ஓர் இரத்தக்குழாய், அதிலும் பெரும்பாலும் மேல் சிறுமூளைத் தமனி, ஒவ்வொரு துடிப்பிலும் அதை இடித்துக்கொண்டே இருக்கிறது. உறை தேய்ந்த மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் எப்படியோ அப்படி, தொடுதலைச் சொல்ல வேண்டிய இழையின் செய்தி வலி இழைக்குத் தாவிவிடுகிறது. கம்பி அறுபடவில்லை. அறுந்த கம்பியைத் தேடும் சோதனை ‘இயல்பு’ என்று சொல்வதில் பிழை ஏதும் இல்லை.

அந்த ‘இயல்பு’ என்பதை எப்படி வாசிப்பது என்பதில்தான் சிக்கல். நோயாளியின் மகன் அதைக் கேட்டுவிட்டு, “அப்பாவுக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் காரணம்” என்று நினைத்துக்கொள்கிறார். அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் சில சமயம் அப்படித்தான். உண்மையில் இந்த வலிக் கதையோடு இயல்பான சோதனையும் சேரும்போது அது நோய்க்குச் சாதகமான சாட்சி. இதற்கு நேரெதிர்ப் பிழையும் உண்டு. சோதனை இயல்பு, ஆகவே கட்டியோ மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸோ இருக்காது என்று முடித்துவிடுவது. அமெரிக்க நரம்பியல் அகாடமியும் ஐரோப்பிய நரம்பியல் சங்கங்களின் கூட்டமைப்பும் 2008இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. உணர்வுக் குறைபாடு இருந்தால் வேறு காரணத்தைச் சந்தேகிக்கலாம். இல்லாததால் மட்டும் சந்தேகத்தை விட்டுவிட முடியாது. எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் 15 சதவீதம் பேர் வரை கட்டி, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் போன்ற காரணம் அகப்படலாம் என்பது அதில் உள்ள கணக்கு. ஐரோப்பிய நரம்பியல் அகாடமியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் எம்.ஆர்.ஐ. எடுக்கவே சொல்கிறது. நோயாளி நாற்பதுக்குக் கீழ் என்றாலோ, வலி இரு பக்கமும் வந்தாலோ அதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

ஐந்தாம் நரம்பை ஒழுங்காகச் சோதிப்பது எளிதும் அல்ல. நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று கிளைகள். ஒவ்வொன்றிலும் பஞ்சால் தொட வேண்டும், ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும், இரு பக்கத்தையும் ஒப்பிடச் சொல்ல வேண்டும். தாடையின் கோணத்தில் உள்ள தோல் ஐந்தாம் நரம்பின் ஆட்சிக்குள் வராது; அது கழுத்து நரம்புகளின் பொறுப்பு. உண்மையாகவே ஐந்தாம் நரம்பு மரத்துப்போனவருக்கு அந்த மூலையில் உணர்வு இருக்க வேண்டும். முகம் முழுதும் தாடை விளிம்பு வரை கோடு கிழித்தாற்போல் மரத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நரம்புக்கு வெளியேயும் காரணம் தேட வேண்டும். வாயைத் திறக்கச் சொன்னால் தாடை, பலவீனமான பக்கம் சாயும். கருவிழியைப் பஞ்சு நுனியால் தொடும்போது வெள்ளை விழியைத் தொட்டுவிட்டு ‘சிமிட்டவில்லை’ என்று எழுதுபவர்கள் உண்டு. காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகியவர்களின் கருவிழி இயல்பிலேயே மந்தமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், விடை நோயாளியின் வாயிலிருந்துதான் வருகிறது. “இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கோ?” என்று அவர் இழுக்கும் அந்த ‘கம்மி’க்கு அளவு கிடையாது. அதோடு, தொட்டால் வலி கிளம்பும் என்று அஞ்சும் முகத்தைத் தொடப்போகிறோம். பரிதாபப்பட்டுச் சோதனையை விட்டுவிடும் மருத்துவர்மீது எனக்குக் கோபம் வராது. விட்டுவிட்டு ‘இயல்பு’ என்று எழுதினால் வரும். ‘வலிக்கு அஞ்சி இடது கன்னம் சோதிக்கப்படவில்லை’ என்று எழுதினால் அடுத்து வரும் மருத்துவருக்கு அதுவே தகவல்.

நரம்பு எது என்று தெரியாமல் கத்தி எடுத்த காலமும் இருந்தது. முகவலிக்கு ஏழாம் நரம்புதான் காரணம் என்று நம்பி அதை வெட்டினார்கள். வாய் கோணியது, கண் மூடவில்லை, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சார்லஸ் பெல் 1821இல் லண்டனில் நரம்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், மறு ஆண்டு ஹெர்பர்ட் மேயோ அதில் செய்த திருத்தமும் வந்த பிறகுதான் முகத்தை அசைப்பது ஏழாவது, முகத்தை உணர்வது ஐந்தாவது என்ற பிரிவினை நிலைபெற்றது. கபால நரம்புச் சோதனை என்ற ஒழுங்கு இப்படிப்பட்ட பிழைகளின் மேல் எழும்பியது. அதைச் சடங்காக்கிவிட்டோம் என்ற குறை எனக்கு இருப்பதும் இதனால்தான்.

இன்று பழி விழுவது பல்லின்மேல். மேல்தாடைப் பற்களுக்கும் கீழ்த்தாடைப் பற்களுக்கும் உணர்வு தருவது இதே நரம்பின் இரண்டாம், மூன்றாம் கிளைகள்தான். ஆகவே வலி கடைவாய்ப் பல்லில் இருப்பதாக நோயாளி சத்தியம் செய்வார். பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி நிற்கிறது. தூண்டும் இடமே மரத்துப்போகும்போது நிற்காமல் என்ன செய்யும்? ரூட் கெனால் ஆகிறது, பிறகு பல் போகிறது, பிறகு பக்கத்துப் பல். இந்த நோய்க்கு இன்னொரு குணம் உண்டு. தானாகவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பல்லைப் பிடுங்கிய மறுநாள் அப்படி அடங்கினால் பல்தான் காரணம் என்று எல்லாரும் நம்புவார்கள், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக. மூன்று மாதம் கழித்து வலி திரும்பும்போது ஒரு பல் குறைந்திருக்கும். பல் மருத்துவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. விரிசல் விட்ட பல்லும் கடிக்கும்போது இப்படித்தான் சுளீர் என்று வலிக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரும் அவர்தான். ஆனால் எக்ஸ்ரேயில் சொத்தை இல்லாத பல்லைப் பிடுங்கச் சொல்லி நோயாளியே மன்றாடினால், குறட்டைக் கீழே வைத்துவிட்டு நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுத வேண்டிய நேரம் அது.

மருந்துக்கு வருவோம். வால்டர் ஷிண்ட்லர் 1953இல் கைகி நிறுவனத்தில் உருவாக்கிய கார்பமாஸெபினை, ஸ்வீடனைச் சேர்ந்த ப்ளோம் 1962இல் இந்த வலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். வலிப்புக்கான மருந்து முகவலியை நிறுத்தியது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் முதல் மருந்து அதுவே. எந்த வலி மாத்திரையும் தொட முடியாத வலியை இரண்டொரு நாளில் அது தணிப்பதைப் பார்த்தவர்கள் அதன் அடிமைகளாவதில் வியப்பில்லை. ஆனால் அதன் பெயரைத் தாங்கும் ஆய்வுகள் பெரும்பாலும் அந்த அறுபதுகளிலேயே நடந்தவை, சிறியவை, சில வாரங்களில் முடிந்தவை. வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்கு என்ன ஆகிறது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

மருந்தின் வெற்றியே நோயை உறுதிசெய்யும் சான்று என்று நினைப்பது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். கட்டியோ மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸோ காரணமாக வரும் அதே வலிக்கும் கார்பமாஸெபின் கேட்கும். மாத்திரை கேட்டது, ஆகவே ஸ்கேன் வேண்டாம் என்ற வாதத்தில் ஓட்டை அங்கேதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. மருந்து தன்னைத் தானே வேகமாகச் சிதைக்கக் கல்லீரலைப் பழக்கிவிடும். முதல் வாரம் கேட்ட அளவு நாலாம் வாரம் கேட்காது. இது தெரியாத நோயாளி மருந்து தோற்றுவிட்டது என்று நிறுத்திவிட்டு வேறு ஊர், வேறு மருத்துவர் என்று கிளம்பிவிடுவார்.

வயதானவர்களுக்கு இதன் விலை அதிகம். தலைசுற்றல், தள்ளாட்டம், இரத்தத்தில் சோடியம் குறைவது. வலி போய்விட்டது, ஆனால் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கணக்கு எங்கே நிற்கும்? மாற்றாகக் கொடுக்கப்படும் ஆக்ஸ்கார்பஸெபின் மற்ற மருந்துகளோடு அவ்வளவு மோதாது. சோடியத்தை இன்னும் அதிகமாகவே இறக்கும். கார்பமாஸெபினால் அரிதாக, ஆனால் கொடூரமாக, தோல் உரிந்துவிடும் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் வரலாம். எச்.எல்.ஏ.–பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மிக அதிகம் என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே சோதிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் சொன்னது. அந்தச் சோதனை கைக்கு எட்டாத இடத்திலும் ஒரு வாக்கியம் எட்டும்: முதல் சில மாதங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் ஓடி வாருங்கள். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அதற்குப் பதிலாகச் சீட்டில் ‘நரம்பு சத்து’ என்று பி12 மாத்திரை ஒன்று சேர்ந்துகொள்கிறது. இந்த வலிக்கு அது மருந்தே இல்லை.

அறுவை சிகிச்சை என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். மூளையைத் திறப்பது என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? வால்டர் டாண்டி 1930களிலேயே நரம்பை இரத்தக்குழாய் அழுத்துவதைப் பார்த்து எழுதினார். பீட்டர் ஜனெட்டா 1960களில் அறுவை நுண்ணோக்கியின் துணையோடு, காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, குழாயை நரம்பிலிருந்து விலக்கி இடையில் மெத்தைபோல் ஒரு பொருளை வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நரம்பு வெட்டப்படுவதில்லை. பிட்ஸ்பர்க்கில் அவருடைய குழு 1996இல் வெளியிட்ட கணக்கில் 1,185 நோயாளிகள். பத்தாண்டு கழித்தும் 70 சதவீதம் பேர் மருந்தில்லாமல் வலியின்றி இருந்தார்கள். இருவர் இறந்தார்கள், ஒரு சதவீதம் பேருக்கு அந்தப் பக்கக் காது கேட்காமல் போனது.

பிரமாதமான எண்கள். அவற்றின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அந்த முறையைப் பெயர்பெறச் செய்தவரின் கைகளிலிருந்தே வந்த எண்கள் அவை. மருந்தையும் இந்த அறுவையையும் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து எதிரெதிரே நிறுத்திப் பார்த்த ஆய்வு இல்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் நரம்பைக் குழாய் தொட்டுக்கொண்டு கிடப்பது உண்டு. ஆகவே படத்தில் குழாய் தெரிகிறது என்பதே அறுவைக்குப் போதுமான நியாயம் இல்லை. இருந்தும் நான் அந்தப் பக்கமே சாய்கிறேன். காரணம் அதே 1996ஆம் ஆண்டுக் கணக்கில் உள்ள ஒரு சிறு குறிப்பு: எட்டு ஆண்டுக்கு மேல் வலியோடு இருந்துவிட்டு வந்தவர்களுக்கு வலி திரும்பும் வாய்ப்பு அதிகம். ‘மருந்து தோற்ற பிறகு அறுவை’ என்று எல்லா வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. தோற்றது என்று யார், எப்போது அறிவிப்பது? மயக்கம் வராத அளவில் வலி நிற்கவில்லை என்றால் அதுவே தோல்விதான். பற்களும் வருடங்களும் போன பிறகு அறுவை நிபுணரைப் பார்ப்பது, அந்த முறையின் மிகச் சிறந்த பலனை நாமே வீணடிப்பது.

எல்லார் உடம்பும் மண்டையைத் திறக்க இடம் தராது. இதயம் பலவீனமான எண்பது வயதுக்காரருக்குக் கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்புமுடிச்சைச் சுடலாம், பலூனை ஊதி நசுக்கலாம், கிளிசரால் செலுத்தலாம், காமா கதிரைக் குவிக்கலாம். கிளிசரால் வந்த கதை வேடிக்கையானது. ஸ்டாக்ஹோமில் ஸ்டென் ஹோகன்சன் கதிர்வீச்சுக்கு இலக்கை அடையாளம் காட்ட டான்டலம் பொடியைக் கிளிசராலில் கலந்து செலுத்தினார். கதிர் பாயும் முன்பே சிலருக்கு வலி நின்றது. 1981இல் அதையே சிகிச்சையாக எழுதினார். காமா கதிருக்குப் பலன் தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். மற்றவை பெரும்பாலும் விரைவிலேயே கேட்கும். இந்த முறைகள் எல்லாமே ஏதோ ஓர் அளவுக்கு நரம்பைச் சேதப்படுத்தித்தான் வலியை நிறுத்துகின்றன. வலிக்குப் பதில் மரத்துப்போதல் என்பது பேரம். பலரும் மகிழ்ந்து ஏற்கும் பேரம்தான். ஆனால் உதட்டோரம் சோறு ஒட்டியிருப்பது தெரியாது, கன்னத்தின் உட்புறத்தைக் கடித்தது இரத்தம் வந்த பிறகுதான் தெரியும், பலூனுக்குப் பிறகு கொஞ்ச காலம் மெல்லும் பலமும் குறையும். சிலருக்கு மரத்துப்போன அதே இடத்தில் ஓயாத எரிச்சல் வலி கிளம்பிவிடும். அதற்கு நல்ல மருந்து கிடையாது. ‘வலி இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டு வெற்றி விகிதம் கணக்கிடும்போது இவற்றுக்கு அந்தப் படிவத்தில் இடம் இருப்பதில்லை.

இழப்பைத் தேடும் அந்தப் பழைய சோதனைக்குச் சரியான வேளை இங்கேதான் வருகிறது. நரம்பைத் தொடும் முன் மூன்று கிளையும் எப்படி இருந்தன என்று எழுதி வைத்திருந்தால்தான், பிறகு வரும் மரப்பு சிகிச்சையால் வந்ததா, உள்ளே வளரும் வேறொன்றால் வந்ததா என்று பிரிக்க முடியும். சிகிச்சைக்கு முன், அதிகம் சொல்லாத நேரத்தில் சடங்காகச் செய்கிறோம். சிகிச்சைக்குப் பின், நிறையச் சொல்லும் நேரத்தில், “வலி போச்சா? சந்தோஷம்” என்று அனுப்பிவிடுகிறோம். மேல் கிளை மரத்துப்போனால் கருவிழிக்கும் உணர்வு போய்விடும். தூசி விழுந்தாலும் உறுத்தாது, புண்ணானாலும் வலிக்காது, பார்வை மங்கிய பிறகுதான் கண் மருத்துவரிடம் போவார்கள். டிஸ்சார்ஜ் அன்று ஒரு பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்து, உணர்வு குறைந்திருந்தால் தினமும் காலையில் கண்ணாடியில் அந்தக் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டியில் போகும்போது கண்ணாடி போடுங்கள், சிவப்பு தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள், அந்தக் கண்ணில் இனி வலி வராது என்று அவருக்கும் வீட்டில் ஒருவருக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.